எழுதப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு எந்தப் பெட்டியை வாங்குவது?

அன்புள்ள அக்கா,

எங்கள் மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளாவது பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லித்தருவது என்று நானும் கணவரும் முடிவெடுத்திருக்கிறோம். எதை வைத்துச் சொல்லித்தருவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். அமெரிக்க வீட்டுக்கல்விக்காரர்கள் வாங்கும் முழு ஆண்டுத் தொகுப்பு ஒன்று, வரவழைக்கும் செலவோடு 30,000 ரூபாயைத் தாண்டுகிறது. தமிழுக்கு, 247 எழுத்துக்கும் அட்டை உள்ள ஒரு பெட்டியைத் தோழி சொல்கிறாள். மாமனாரோ, தான் பைண்டு செய்து வைத்திருக்கும் 1960களின் சிறுவர் பத்திரிகைகளே போதும் என்கிறார். எதை எடுக்க, எதை விட? பெயர் வேண்டாம்.

வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

காசு கொடுத்து இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரே ஒரு கேள்வியை வைத்து மூன்றையும் பாருங்கள்: இதுவரை தெரிந்த எழுத்துகளை மட்டும் வைத்து அடுத்த பக்கத்தைக் குழந்தை தானாகப் படிக்க முடியுமா? முடியாதென்றால் அது எத்தனை அழகாக அச்சாகியிருந்தாலும் வாசிக்கப் பழகுவதற்கான பொருள் இல்லை, வேடிக்கை பார்ப்பதற்கான பொருள்.

எழுத்து அட்டைகள் உள்ள பெட்டி இந்தக் கேள்வியில் உடனே விழுந்துவிடும். அ, ஆ வரிசையில் 12 உயிரெழுத்தையும் முடிக்க வீட்டில் ஓரிரு மாதமாவது ஆகும். முடித்த பிறகு அவற்றை மட்டும் வைத்துப் படிக்க என்ன இருக்கிறது? ஈ. அப்புறம் ஆ, அதற்குப் பசு என்று பொருள் தெரிந்தவர்களுக்கு. உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் முதலில்தான் வரும். மற்ற இடமெல்லாம் உயிர்மெய்யும் புள்ளி வைத்த எழுத்தும்தான். மாறாக ட, ப, ம என்ற மூன்றையும் புள்ளியையும் முதல் வாரத்தில் சொல்லித்தந்தால் படம், மடம், பட்டம், மட்டம், படபட, மடமட என்று குழந்தை படித்துக்கொண்டே போகும். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தார் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தந்தபோது 'பட்டா', 'படி' என்றுதான் தொடங்கினார்கள். ஐந்து வயதுக்காரிக்குப் பட்டாவில் அக்கறை இருக்காது, பட்டத்தில் இருக்கும். அ, ஆ வரிசை பாட்டாக வாயில் இருக்கட்டும். அகராதி புரட்டும் வயதில் உதவும்.

எந்தத் தமிழ்ப் பயிற்சி நூலைக் கையில் எடுத்தாலும் நேராக உகரப் பக்கத்துக்குப் போங்கள். நம் எழுத்தில் குழந்தை திணறும் இடம் அதுதான். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி வளையும். சு, பு, யு, வு கீழே இறங்கும். து, நு, ணு, லு, று, னு இன்னொரு மாதிரி. இப்படி வடிவம் பார்த்துப் பிரித்துத் தந்திருந்தால், அந்த நூலைச் செய்தவர் குழந்தைகளோடு உட்கார்ந்தவர் என்று நம்பலாம். கு, ஙு, சு, ஞு என்று 18-ஐயும் ஒரே பக்கத்தில் கொட்டியிருந்தால் மூடிவிடுங்கள். ஙௌ எழுதச் சொல்லிப் பத்துக் கட்டம் போட்டிருக்கும் நூல்களும் உண்டு. ஙௌ வரும் ஒரு சொல்லை எனக்கு யாராவது எழுதி அனுப்பினால் நன்றி சொல்வேன்.

அடுத்து ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு. 'கெ' என்பதில் முதலில் கண்ணில் படுவது கொம்பு, ஆனால் அதன் ஓசை க்-க்குப் பிறகு வருகிறது. 'கொ' இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது. இதை ஒரு வாரத்தில் ஓட்டிவிடும் நூல் வேண்டாம்.

காசில்லாமல் கிடைப்பதைச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், 1 முதல் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். வயதைப் பார்க்காமல், எது தெரியும் என்று பார்த்துப் பாடம் தரும் இந்த ஏற்பாடு வீட்டுக்கும் பொருந்தும். அரசுப் புத்தகம்தானே என்று தள்ளிவிடாதீர்கள்.

கதைகளுக்கு, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழில் நிறைய, எல்லாம் இலவசம். ஆனால் அங்கே 'முதல் நிலை' என்றால் எளிய சொற்கள், 250 சொல்லுக்குள் முடியும் கதை என்று பொருள். எந்தெந்த எழுத்து வருகிறது என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. முதல் நிலைக் கதையில் 'ஸ்ட்ராபெர்ரி' வந்து நிற்கலாம். எனவே அவற்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

வாசித்துக் காட்டுவது தமிழில் ஏன் இத்தனை முக்கியம் என்றால், உங்கள் மகள் 'வீட்டுல', 'வந்துச்சு' என்று பேசுகிறாள். புத்தகத்தில் 'வீட்டில்', 'வந்தது'. எழுத்தைக் கூட்டிச் சரியாகப் படித்துவிட்டு, படித்தது என்ன என்று தெரியாமல் முழிக்கும் குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துத் தமிழ் காதில் ஏறாததுதான் பெரும்பாலும் காரணம். தினமும் ஒரு கதை, புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள். இடையில் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லாதீர்கள். பேச்செல்லாம் கதை முடிந்த பிறகு.

ஆங்கிலத்தில் விஷயமே வேறு. அங்கே ஓர் எழுத்துக்குப் பல ஓசை. அதனால்தான் எழுத்துகளின் ஓசையைப் பழக்கிப் படிக்க வைக்கும் ஃபோனிக்ஸ் முறை வேண்டியிருக்கிறது. நம் ஊர் நர்சரிகளில் பரவலாக இருக்கும் ஜாலி ஃபோனிக்ஸ் 42 ஓசைகளை வைத்துக்கொண்டு, எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறில் தொடங்குகிறது. காரணம் நம் ட, ப, ம கதைதான்: ஆறே எழுத்தில் பின், டின், சிட் என்று படித்துவிடலாம். அமெரிக்கப் பெட்டியில் உங்களுக்கு வேண்டியது இந்தப் பகுதி மட்டும். கற்ற ஓசைகளாலேயே எழுதப்பட்ட குட்டிக் கதைப் புத்தகங்கள் அதில் இருக்கின்றனவா, தனியாக விற்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லும் புத்தகங்கள் என்றால் வேண்டாம். மற்றபடி அதில் உள்ள கணக்குப் பாடம் நிக்கல், டைம் என்ற அமெரிக்க நாணயங்களை எண்ணச் சொல்லும். நாம் 30,000 ரூபாய் கொடுத்து அந்தச் சில்லறையை எண்ண வேண்டியதில்லை. ஆங்கிலத்தையும் தமிழில் கொம்பு வரை வந்த பிறகு தொடங்கினால் போதும்.

மாமனாரின் பத்திரிகைகள் இப்போது மகள் கைக்கு வேண்டாம். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய அச்சு அது: ணை, லை, ளை, னை எல்லாம் பழைய தும்பிக்கையோடு இருக்கும், ணா, றா, னாவும் வேறு வடிவம். இப்போதுதான் எழுத்துப் பழகுகிறவளைக் குழப்பிவிடும். ஆனால் கதைகள் நன்றாகவே இருக்கும். இரவுக் கதையை அந்தப் பைண்டிலிருந்து வாசிக்கும் வேலையை மாமனாரிடமே கொடுத்துவிடுங்கள். பழைய எழுத்து அவருக்குத் தடையில்லை.