பத்மநாபபுரத்தில் சிம்மாசனம் எங்கே?

அன்புள்ள ஐயா,

கன்னியாகுமரிக்குப் போகும் வழியில், நீங்கள் பலமுறை எழுதியிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் குடும்பத்துடன் போனோம். மைசூர் அரண்மனையைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு பெரிய ஓட்டு வீடாகத்தான் தெரிந்தது. "அப்பா, சிம்மாசனம் எங்கே?" என்று மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். இதில் வியக்க என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா 1750இல் தன் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, பத்மநாபதாசன் என்ற பெயரில் ஆண்டவர். அரண்மனைக்குள் இருக்கும் உப்பிரிக்கை மாளிகை என்ற அடுக்கு மாளிகையில் கருவூலம் தரைத்தளத்தில் இருந்தது. அதற்கு மேலே அரசரின் படுக்கையறை. எல்லாவற்றுக்கும் உச்சியில் பூஜை அறை. இந்த அடுக்கை அவளுக்குச் சொல்லிப் பாருங்கள். தான் தேடிய சிம்மாசனம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

மைசூர் அரண்மனை 1912இல் கட்டி முடிக்கப்பட்டது. மின்விளக்கின் காலத்தைச் சேர்ந்தது. இதுவோ எண்ணெய் விளக்கின் காலத்து வீடு. வீடு என்று நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. தேக்கும் பலாவும் சுண்ணாம்பும் ஓடும் கொண்டு கட்டிய வீடுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போனீர்கள்? அந்தக் கறுப்புத் தரை உங்கள் பாதத்துக்கு எப்படி இருந்தது? சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்பார்கள். அரசரின் ஆலோசனை அறையான மந்திரசாலையில் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். மரச்சட்டங்களின் இடுக்கிலும் நிறம் பூசிய அப்பிரகத் (மைக்கா) தகடுகளிலும் நுழைந்து வரும் வெளிச்சம் தரையில் நீர்போலத் தேங்கி நிற்கும். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளிர்ச்சி. உள்ளிருப்பவர் தெருவைப் பார்க்கலாம். தெருவில் இருப்பவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. நாட்டு நடப்பைப் பேசிய அறையை இத்தனை யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

என்னை அதிக நேரம் நிற்க வைப்பது ஊட்டுப்புரை என்ற உணவுக்கூடம்தான். இரண்டு தளங்கள், ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட இடம். ஊறுகாய் போட்டுவைத்த பெரிய சீனச் சாடிகள் இன்றும் இருக்கின்றன. ஓர் அரசு தன் வீட்டிலேயே இவ்வளவு பெரிய இடத்தைப் பந்திக்கு ஒதுக்கியிருந்தது என்பது எனக்குத் தங்கத் தகட்டைவிடப் பெரிய செய்தி.

1795இல் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956இல் இந்த மண் தமிழகத்தோடு சேர்ந்தது; அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் இங்கிருந்து சரஸ்வதி புறப்பட்டுத் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறாள். அதற்கு முன்பு உப்பிரிக்கை மாளிகையில் அரசரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கிறது. ஆள் இல்லாத வீடு என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு முறை போங்கள். திங்கட்கிழமை விடுமுறை. காலையில் கதவு திறந்ததும் நுழைந்துவிட்டால் நெரிசல் இருக்காது. நுழைவு முகப்பான பூமுகத்தின் மரக்கூரையில் ஒன்றைப் போல ஒன்று இல்லாத 90 பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மகள் அண்ணாந்து பார்த்து எண்ணி முடிக்கும்வரை அவளை அவசரப்படுத்தாதீர்கள்.

அன்புடன்.