கூடைப்பந்துக்கும் பேஸ்பாலுக்கும் என்ன வித்தியாசம்?

கூடைப்பந்தில் அணிக்கு 5 பேர், 3.05 மீட்டர் உயர வளையத்துக்குள் பந்தைப் போடவேண்டும். நம்ம பெங்களூர் கண்டீரவா விளையாட்டரங்கில் 2017 மகளிர் ஆசியக் கோப்பை நடந்ததே, அந்த ஆட்டம். பேஸ்பாலில் 9 பேர். பந்தை அடித்துவிட்டு மைதானத்தில் உள்ள நான்கு தளங்களையும் (பேஸ்) சுற்றி வந்தால் ஓர் ஓட்டம்.

சரி, கூடைப்பந்தில் மட்டும் ஆட்டத்தை முடிக்கக் கடிகாரம் ஏன்? கூடைப்பந்தில் இரு அணிகளும் ஒரே நேரத்தில் பந்துக்குப் போராடுகின்றன. யார் வேண்டுமானாலும் எப்போதும் புள்ளி எடுக்கலாம் என்பதால், ஆட்டத்தை நேரம்தான் முடித்துவைக்கும்: சர்வதேசப் போட்டிக்கு 40 நிமிடம். பேஸ்பாலில் கிரிக்கெட் மாதிரி மாறி மாறி மட்டை பிடிக்கிறார்கள். 3 பேர் அவுட்டானால் முறை மாறும், இரு அணியும் ஒருமுறை மட்டை பிடித்தால் ஓர் இன்னிங்ஸ். வழக்கமாக 9 இன்னிங்ஸில் ஆட்டம் முடிவதால், அதை முடிக்கக் கடிகாரம் வேண்டாம்.

அதற்காக அதைக் கிரிக்கெட் என்றே நினைத்துவிட வேண்டாம்: பந்தைப் பின்பக்கம் தட்டிவிட்டு ஓட்டம் எடுக்க முடியாது, அது ஃபவுல், அதாவது செல்லாத அடி.