தொழில் அனுபவமுள்ள பேராசிரியர் பாடம் எடுத்தால் என்ன வித்தியாசம்?

புத்தகத்தில் வராத கேள்வியை அவர் கேட்பார். 1981-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடத்தில், மேலும் கீழுமாக இருந்த இரண்டு நடைபாதைகளையும் கூரையிலிருந்து துண்டுபடாமல் இறங்கும் நீளக் கம்பிகளே தாங்கின; மேல் நடைபாதை கம்பியின் நடுவில் ஒரு நட்டின் மேல் உட்காரவேண்டும். கணக்கு மட்டும் தெரிந்தவர் அதோடு நிறுத்திக்கொள்வார். "சரி, நடுவில் நட்டை எப்படி ஏற்றுவாய்? அதுவரைக்கும் கம்பியில் மரை (நட்டு சுழன்று ஏறும் திருகு வரி) போடவேண்டுமே!" என்று கேட்பவர் கட்டுமான இடத்தில் நின்று பழகியவர். அந்தத் தொல்லைக்காகத்தான் கம்பியை இரண்டாக்கினார்கள். கீழ் நடைபாதை மேல் நடைபாதையிலிருந்தே தொங்க, மேல் நடைபாதையைத் தாங்கிய நட்டில் பாரம் இரட்டிப்பானது.

அனுபவம் என்று சொல்லிச் சுயபுராணம் பாடுகிறவர்களும் உண்டு, அது வேறு கதை. சம்பவத்தைச் சொல்லிவிட்டுக் கணக்குக்குத் திரும்புகிறாரா என்று பாருங்கள்.