நந்தியாவட்டையில் நீலக்கண் புழு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஐப்பசி மழை பிடித்ததும் செடிகள் துளிர்க்கின்றன, கூடவே கேள்விகளும் வருகின்றன. இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே பூச்சியைச் சுற்றித்தான். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வாசல் நந்தியாவட்டையில் விரல் பருமனுக்கு ஒரு பச்சைப் புழு. தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள், வாலில் கொம்பு. கொட்டினால் காய்ச்சல் வரும் என்கிறார் பக்கத்து வீட்டு ஆயா. பிள்ளைகள் தொடலாமா? (லாஸ்பேட்டை)

தொடலாம். இது அரளி அந்துப்பூச்சியின் புழு. அறிவியல் பெயர் டாப்னிஸ் நெரியை. அந்தக் கொம்பால் கொட்ட முடியாது, உடம்பில் சுணையும் கிடையாது. நீங்கள் கண் என்று நினைப்பது தோலில் உள்ள புள்ளிதான். உண்மையான கண்கள் தலையில் மிகச் சிறியதாக இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சீண்டினால் புழு தலையை உள்ளே இழுத்து முன்பக்கத்தை உப்ப வைக்கும். புள்ளிகள் விரிந்து, கொத்த வரும் குருவிக்குப் பாம்பு போலத் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். புழுவைவிடச் செடியிடம்தான் கவனம் வேண்டும். அரளியின் எந்தப் பாகமும் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. இந்தப் புழு நந்தியாவட்டையைப் போலவே அதையும் தின்று கொழுக்கிறது. அதனால் பிள்ளைகள் செடியையோ புழுவையோ தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். ஆயா சொன்னதையும் ஒதுக்கிவிட வேண்டாம். முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பிக் கிடக்கும் கம்பளிப்புழு பட்டால் தடித்து அரிக்கும். அவர் மனதில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும்.

பத்தே நாளில் செடி மொட்டையாகிவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்? (மஞ்சக்குப்பம்)

எதுவும் வேண்டாம். வளர்ந்த அரளியும் நந்தியாவட்டையும் இலை போனாலும் மறுபடி துளிர்க்கும். தொட்டியில் இருக்கும் சின்ன அடினியமோ நித்தியகல்யாணியோ என்றால்தான் கொஞ்சம் கவலைப்படலாம். அதற்கும் கையால் பொறுக்குவதே போதும். இலையோடு இலையாக ஒட்டியிருக்கும் புழுவைத் தேடிக் கண் வலிக்க வேண்டாம். முதலில் தரையைப் பாருங்கள். கரும்பச்சை நிறத்தில் மிளகு அளவு உருண்டைகள் கிடந்தால் அது புழுவின் எச்சம். அதற்கு நேர் மேலே உள்ள கிளையில் ஆள் இருக்கும். எடுத்துக்கொண்டுபோய்ச் சாலையோர அரளியில் விட்டுவிடுங்கள்.

மருந்து அடித்தால் புழுவோடு போவது ஒட்டுண்ணி ஈக்களும் குளவிகளும்தான். சில ஈக்கள் இந்தப் புழுவின் மேலேயே முட்டை வைக்கும், குஞ்சுகள் அதை உள்ளிருந்து தின்னும். செலவில்லாமல் வேலை செய்பவர்களை நாமே ஏன் விரட்ட வேண்டும்?

பச்சையாக இருந்த புழு ஒரே நாளில் பழுப்பாகிச் செடியை விட்டு இறங்கி ஓடியது. ஏதாவது நோயா? (நெல்லிக்குப்பம்)

நோயில்லை, கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. தாய்ப்பூச்சி இளம் இலைகளில் வெளிர்பச்சை முட்டைகளை ஒவ்வொன்றாக வைக்கும். சில நாளில் பொரிந்து வரும் குஞ்சுப் புழு மஞ்சளாக இருக்கும், வாலில் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் கறுப்புக் கொம்பு. தோலுரிக்க உரிக்கப் பச்சை ஏறும், பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள் வரும், நீலக்கண் பிறகுதான் தோன்றும். கொம்போ குட்டையாகி மஞ்சளாகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் புழு 7, 8 செ.மீ. வரை வளரும். அப்புறம் நீங்கள் பார்த்தபடி நிறம் மாறிக் கீழே இறங்கும்.

தரையில் சருகுக்குள் மெல்லிய நூலால் இலைகளை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே பழுப்புக் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பூச்சி வெளியே வரும். வாசலைத் தினமும் சருகில்லாமல் பெருக்குபவர்கள் குப்பையோடு அதையும் அள்ளிப் போடுகிறார்கள். செடியடியில் கொஞ்சம் சருகை விட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும்?

வளர்த்துப் பார்க்க ஆசையென்றால், டப்பாவில் சருகோடு ஒரு குச்சியையும் சாய்த்து வையுங்கள். வெளிவந்த பூச்சி ஏறித் தொங்கிச் சிறகை விரித்துக் காயவைக்க அது வேண்டும். பிடிப்பு இல்லாவிட்டால் சிறகு சுருங்கியே போய்விடும்.

ராணுவ உடைத் துணி போல ஒரு பெரிய பச்சைப் பூச்சி காலையில் சுவரில் அசையாமல் இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், குடிக்கவில்லை. (முத்தியால்பேட்டை)

அதே புழுவின் வளர்ந்த வடிவம்தான். பச்சை, வெண்மை, இளஞ்சிவப்பு கலந்த கோலம், சிறகை விரித்தால் ஏறக்குறைய 10 செ.மீ. இரவில் விளக்குக்கு வந்து பகலில் அப்படியே உறங்குகிறது. அந்தி சாய்ந்ததும் தானே போய்விடும். மணக்கும் பூக்கள்தான் அதற்கு விருப்பம். மல்லிகைப் பந்தல் இருந்தால் இருட்டும் நேரத்தில் காத்திருந்து பாருங்கள். உட்காராமல், பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். இதையும் இதன் சொந்தங்களையும் பார்த்துவிட்டு ஹம்மிங்பேர்டு என்று படம் அனுப்புகிறார்கள் சிலர். அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. அரளி அந்துப்பூச்சியும் சாதாரணமல்ல, கோடையில் ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பறந்து போகும் இனம்.

குளியலறைச் சுவரில் சிமெண்டுத் துணுக்கு ஒன்று தானாக நகர்கிறது! (வில்லியனூர்)

அதுவும் ஒரு அந்துப்பூச்சியின் புழுதான். மணலையும் தூசியையும் நூலால் ஒட்டிக் கூடு செய்து, அதைச் சுமந்தபடி அலையும். கூட்டுக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு. சிலந்தி வலை, உதிர்ந்த முடி, செத்த பூச்சிகளே உணவு. ஈரக்காற்று இதற்குப் பிடிக்கும், கடலோர வீடுகளில் கேட்க வேண்டுமா! ஒட்டடை அடித்தால் குறைந்துவிடும்.

முதுகில் மண்டையோடு போன்ற படத்தோடு வீட்டுக்குள் வந்த பூச்சி, பிடித்ததும் எலிக்குஞ்சு போலக் கத்தியது. கெட்ட சகுனமா? (பண்ருட்டி)

சகுனமெல்லாம் இல்லை. அரளி அந்துப்பூச்சியின் நெருங்கிய உறவு இது. வாய்க்குழலில் காற்றை விட்டு அப்படிச் சத்தம் எழுப்புகிறது. இரவில் தேன்கூட்டுக்குள் நுழைந்து தேன் திருடும். புழு எள் செடியில் வளரும். பக்கத்தில் எள் போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பூச்சியை வெளியே விட்டுவிட்டு விளக்கை அணைத்தால் போதும்.