வேலூர் வெயிலைப் பார்த்தவர்தான், ஆனாலும் ஃபீனிக்ஸில் வீடு வாங்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: 11 வருடமாக சியாட்டில் பக்கம் ரெட்மண்டில் இருக்கிறோம். அரிசோனா மாநிலத்தில், வடக்கு ஃபீனிக்ஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூலை நடுவில் சேரச் சொல்கிறார்கள். வீட்டில் நான், மனைவி, 5 வயதுப் பையன், வருடத்தில் ஆறு மாதம் எங்களோடு இருக்கும் அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். இங்கே வீட்டை விற்ற பணம் கையில் இருப்பதால் போனவுடனே ஒரு வீடு வாங்கிவிடலாம் என்று எண்ணம். கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும் என்பது அம்மாவின் கண்டிஷன். நான் வேலூர்க்காரன், வெயில் எனக்குப் புதிதில்லை. வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: வேலூர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பெரும்பாலும் இதைச் சொல்லிக்கொண்டேதான் இங்கே வருகிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். ஊரில் கத்திரி 25 நாள். அதற்குள்ளேயே ஒருநாள் சாயங்காலம் காற்றடிக்கும், ஒருநாள் கோடை மழை கொட்டும். ஃபீனிக்ஸில் 2023-ல் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல், அதாவது 43 செல்சியஸுக்கு மேலேயே, தொடர்ந்து 31 நாள் அடித்தது. 2024-ல் 100 டிகிரிக்குக் குறையாத பகல்கள் வரிசையாக 113. (இனி நான் சொல்லும் டிகிரி எல்லாமே ஃபாரன்ஹீட்தான்.) பகலையாவது உள்ளே உட்கார்ந்து கழித்துவிடலாம், ராத்திரிதான் ஆளை அசத்தும். 2023 ஜூலை 19 அன்று விடியற்காலையின் குறைந்தபட்ச வெப்பமே 97 டிகிரி. மொட்டை மாடியில் பாயை விரித்துத் தப்பிக்கிற வேலையெல்லாம் இங்கே நடக்காது, தார் ரோடும் கான்கிரீட்டும் பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கத் திருப்பித் தந்துகொண்டிருக்கும்.

2021 ஜூன் 28 அன்று சியாட்டிலில் 108 டிகிரி போனது நினைவிருக்கும். அது இங்கே ஜூலையில் ஒரு சாதாரண நாள். 11 வருடத்தில் உங்கள் உடம்பு வேலூரை மறந்திருக்கும், திரும்பப் பழக ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். வேர்ப்பதே தெரியாது என்பது இன்னொரு சிக்கல். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் சட்டை நனையாது, தண்ணீர் இழந்திருப்பதே தலைவலி வந்த பிறகுதான் தெரியும். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தாலும் ஆகாது, உப்பும் உள்ளே போக வேண்டும். நம் வீட்டு நீர்மோர் போதும்.

சரி, வீடு. 14 வருடமாக இந்தப் பக்கம் வீடுகளைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில், அதனால் மற்றதைவிட இதைத்தான் நீட்டிப் பேசுவேன்.

ஜூலையில் வந்து இறங்குங்கள், ஆனால் வாடகைக்கு. வாங்க வேண்டாம் என்பதில்லை, முதல் கோடையை வீடு பார்க்கிற பருவமாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ஜனவரியில் பார்க்கும்போது இங்கே எல்லா வீடும் நல்ல வீடுதான், வெளியே இதமான வெயில், ஏசியை ஓட்டிப் பார்க்கவே காரணம் இருக்காது, நானே குளிர்காலத்தில் பரிசோதித்தால் ஏசியை முழுச் சுமையில் சோதிக்க முடியாது. அதே வீட்டை ஆகஸ்டில் சாயங்காலம் 5 மணிக்குப் போய்ப் பாருங்கள். மேற்குச் சுவரின் உள்பக்கம் கையை வையுங்கள், மாடி அறைக்கு ஏறிப் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள், வீடு தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடும். இன்னொன்று, தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பது சாண்ட்லர், கில்பர்ட் பக்கம். உங்கள் வேலை இருப்பதோ ஊரின் எதிர்க்கோடியில், போக மட்டும் 40 மைல் வரும். மூன்று மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு எந்தப் பக்கம் குடியேறுவது என்று முடிவு செய்யலாம்.

அம்மா கேட்கிற கிழக்கு வாசல். வாஸ்துவோடு நான் சண்டைக்குப் போகவில்லை, ஆனால் இந்த ஊர் வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டு கேட்கட்டும். இங்கே வாசலுக்கு நேர் எதிரே, பின்பக்கத்தில்தான் பெரிய கண்ணாடிக் கதவும் பெரிய ஜன்னல்களும் தாழ்வாரமும் ஹாலும் இருக்கும், பெரும்பாலும் பெரிய படுக்கையறையும் அங்கேதான். வாசல் கிழக்கு என்றால் இத்தனையும் மேற்கைப் பார்த்து நிற்கும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய 7.40 ஆகிறது, அதுவரைக்கும் சாய்ந்த வெயில் தாழ்வாரக் கூரைக்குக் கீழே புகுந்து நேராகக் கண்ணாடியில் அடிக்கும், எவ்வளவு நீளமாகக் கூரை போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் பிரயோஜனம் கிடையாது. தெற்குப் பார்த்த கண்ணாடிக்கு இந்தத் தொல்லை இல்லை. கோடை உச்சிவேளையில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்பதால் நாலடிக் கூரையே நிழல் தந்துவிடும், டிசம்பரில் அது தாழ்ந்து வரும்போது அதே ஜன்னல் வழியாக இளவெயில் உள்ளே வரும். விற்கிறவர்கள் விளம்பரத்திலேயே 'நார்த் சவுத் எக்ஸ்போஷர்' என்று பெருமையாகப் போட்டுக்கொள்வது இதனால்தான். அதாவது வடக்கு வாசல், தெற்கில் தாழ்வாரம். வடக்கு குபேர திசைதானே, அம்மாவிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

கிழக்குத்தான் வேண்டும் என்று நின்றால், மேற்கு ஜன்னல்களுக்கு வெளிப்பக்கமாக வெயில் தடுக்கும் வலைத்திரை போடச் செலவு ஒதுக்குங்கள். உள்ளே மாட்டும் திரைச்சீலை இந்த வேலையைச் செய்யாது, சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு தடுத்து என்ன ஆகப்போகிறது. மேற்கில் ஒரு மெஸ்கீட் மரமும் வையுங்கள். நம் ஊர் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான் அது, இங்கே அதைக் காசு கொடுத்து வாங்கி நடுகிறோம்.

அடுத்து ஏசி. வெளியே இருக்கும் பெட்டியின் தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சீரியல் எண்ணிலிருந்து தயாரித்த வருடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த ஊரில் 10 முதல் 15 வருடம் ஓடினாலே அது நன்றாக உழைத்த ஏசி. தகட்டில் ஆர்-22 என்ற பழைய குளிர்வாயுவின் பெயர் இருந்தால் அதை மாற்ற வேண்டிய செலவாகவே விலை பேசும்போது கணக்கில் வையுங்கள், அந்த வாயுவை அமெரிக்காவில் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் 2020 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அப்புறம் ஒரு சாதாரண தெர்மாமீட்டர் எடுத்துப் போங்கள். ஏசி உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் 15 முதல் 20 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். இதையே தப்பாகப் புரிந்துகொண்டு, வெளியே 115 என்றால் ஏசியால் 95 வரைக்கும்தான் இறக்க முடியும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விற்கிறவர் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள், நல்ல ஏசி 115-லும் வீட்டை 78-ல் வைத்திருக்கும்.

ஏசி புதிதாக இருந்தும் வீடு குளிரவில்லை என்றால் காற்றுக் குழாய்களைப் பாருங்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் அவை கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஓடுகின்றன, ஜூலையில் அந்த இடம் 150 டிகிரி வரை போகும். சாதாரண வீட்டில் குளிர்ந்த காற்றில் 20 முதல் 30 சதவீதம் குழாய் ஓட்டையிலும் இணைப்பிலும் வீணாகிறது. நீங்கள் பணம் கட்டிக் கூரைக்குள்ளே குளிர் ஊட்டிக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான். குழாய்க் கசிவைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கிரானைட் மேடையைத் தட்டிப் பார்க்கிற நேரத்தில் பாதியைக் குழாய்க்குக் கொடுத்தால்கூடப் போதும்.

என் முதல் கோடையில், வாடகை வீட்டில், ஒரு சனிக்கிழமை ராத்திரி ஏசி நின்றுவிட்டது. வீட்டுக்காரர் அனுப்பும் ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்றார்கள். மறுநாள் மத்தியானம் உள்ளே 98, நாங்கள் ஹோட்டலுக்குப் போய்விட்டோம். கடைசியில் பழுதானது ஒரு கெபாசிட்டர், சோடா கேன் அளவு இருக்கும், கோடையில் முதலில் போகிற பாகமே அதுதான். அதனால் வாடகை ஒப்பந்தம் போடும்போதே ஏசி நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், அதுவரை தங்கும் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். ஃபீனிக்ஸ் மாநகராட்சி விதிப்படி வாடகை வீட்டில் ஏசி இருந்தால் உள்ளே 82 டிகிரிக்குள் வைத்திருக்க முடிய வேண்டும், ஈரக்காற்றுக் கூலர் மட்டும் என்றால் 86. கூலர் மட்டும் இருக்கும் வீட்டை எடுக்காதீர்கள். மழைக்காலம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை, காற்றில் ஈரம் ஏறிய நாட்களில் கூலர் சும்மா புழுங்கத்தான் வைக்கும்.

கரண்ட் கம்பெனி நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, இடத்தைப் பொறுத்து ஏபிஎஸ் அல்லது எஸ்ஆர்பி. நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் திட்டங்கள் இரண்டிலும் உண்டு. ஏபிஎஸ் என்றால் வார நாட்களில் சாயங்காலம் 4 முதல் 7 வரை விலை அதிகம். இங்கே எல்லோரும் செய்வது, 2 மணியிலிருந்து வீட்டை 74-க்குக் குளிரவிட்டு, 4 மணிக்கு 80-ல் வைத்து மூன்று மணி நேரத்தை ஓட்டிவிடுவது. மேற்குப் பார்த்த கண்ணாடி உள்ள வீட்டில் இந்த வித்தை பலிக்காது, அரை மணியில் 80-ஐத் தொட்டுவிடும். வாங்குவதற்கு முன்னால் 12 மாத கரண்ட் பில்லை விற்கிறவரிடம் கேட்டு வாங்குங்கள், தயங்கினால் அதிலேயே பதில் இருக்கிறது.

அம்மா ஆறு மாதம்தானே இருப்பார். அந்த ஆறு மாதத்தை நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்று மாற்றிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. வடக்கிலிருக்கும் அமெரிக்கப் பெரியவர்களே குளிருக்குப் பயந்து அந்த மாதங்களில்தான் இங்கே வந்து குவிகிறார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, 2023-ல் ஃபீனிக்ஸ் அடங்கிய இந்த மாரிக்கோப்பா கவுண்டியில் வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 645. வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏசி இருந்தது, ஓடும் நிலையில் இல்லை. இன்சுலினை 86 டிகிரிக்கு மேல் போகவிடக் கூடாது, எனவே தபாலில் வரவழைத்துத் தபால் பெட்டியில் கிடக்க விடாதீர்கள், கடையில் போய் வாங்கி ஐஸ் பையில் கொண்டுவாருங்கள். ரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியவோ மாத்திரை எடுத்தால் வருவதற்கு முன்பே மருத்துவரிடம் வெயிலைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

இன்னொரு நோயின் பெயரையும் தெரிந்துகொண்டு வாருங்கள், பள்ளத்தாக்குக் காய்ச்சல், இங்கே வேலி ஃபீவர் என்பார்கள். மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை புழுதியோடு மூச்சில் போவதால் வருவது. அமெரிக்காவில் இது அதிகமாகப் பதிவாவது அரிசோனாவில்தான். புழுதியை மூச்சில் இழுத்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், இருமல், விடாத அசதி. நிமோனியா என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், பூஞ்சைக்கு அது கேட்காது. இருமல் நீடித்தால் இந்தக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு எடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கடுமையாக வரலாம் என்பதால் அம்மா விஷயத்தில் இன்னும் கவனம்.

பையனுக்கு இங்கே பள்ளி ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் திறந்துவிடும். செப்டம்பர் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். நீச்சல் குளம் இருக்கும் வீடு பார்த்தால், 6 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில் குளத்தைச் சுற்றி 5 அடி உயரத் தடுப்பு வேண்டும் என்பது மாநிலச் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் விடமாட்டேன். வெறுங்காலோடு வெளியே ஓடப் பழக்காதீர்கள், கோடைத் தார் ரோடு காலைப் பொசுக்கிவிடும். தேள் உண்டு, அல்ட்ரா வயலட் டார்ச் அடித்தால் பச்சையாக மின்னும், ராத்திரி ஒருமுறை சுவரோரம் அடித்துப் பாருங்கள். பையனுக்கு அது விளையாட்டாகவே ஆகிவிடும்.

புழுதிப் புயல் வந்து கண் தெரியாமல் போனால் ரோட்டை விட்டு நன்றாக ஒதுங்கி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலையும் எடுத்துவிடுங்கள். பின்னால் எரியும் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, ரோடு அங்கேதான் போகிறது என்று பின்னால் வருகிறவர் தொடர்ந்து வந்து இடிப்பார்.

வாஷிங்டனில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை, இங்கே எல்லோருக்கும் 2.5 சதவீதம். குடியேறியவுடனே லைசென்ஸையும் வண்டிப் பதிவையும் மாற்ற வேண்டும், நாள் கணக்கில் அவகாசம் எல்லாம் கிடையாது.

சியாட்டிலிலிருந்து சுமார் 1,400 மைல். காரிலேயே வருவதானால் கிளம்பும் முன் பேட்டரியைச் சோதித்துவிடுங்கள், இந்தச் சூட்டில் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் எதுவும் தாங்காது, அங்கே நன்றாக இருந்த பழைய பேட்டரி இங்கே வந்த வாரத்தில் கைவிடும். லாஸ் வேகாஸிலிருந்து இந்தப் பக்கம் வரும் கடைசி 300 மைலை விடியும் முன்னால் தொடங்குங்கள். மருந்து, லேப்டாப், மெழுகுவர்த்தி எதையும் சாமான் லாரியில் ஏற்றாதீர்கள், கற்பூரத்தை ஏற்றினால் வந்து திறக்கும்போது டப்பாவில் வாசனை மட்டும் மிஞ்சும். காலி வீட்டில் ஏசியை 90-ல் விட்டிருப்பார்கள், அதனால் நீங்கள் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் காலையிலேயே 78-ல் ஓடவிடச் சொல்லுங்கள், சுவரும் தரையும் ஆற ஒரு முழு நாள் பிடிக்கும்.