குளச்சல் கடத்தண்ணி பிரீசர்ல ஒழுங்கா உறையலியா?

அண்ணே, அன்டார்டிகா கடல் ஐஸும் அதுல வாழுற பாசியும் காட்ட மகளுக்க எக்சிபிஷனுக்கு உறைய வெச்ச கடத்தண்ணில உப்பும் கலரும் நடுவுல போய் கட்டியா நிக்குது, மைக்ரோஸ்கோப்புல உருப்படியா ஒண்ணும் தெரியலன்னு எழுதியிருந்தீங்க. தப்பு தண்ணில இல்ல. பிரீசர் நாலு பக்கமும் ஒரேயடியா குளிர வைக்கும், அன்டார்டிகால குளிரு மேல இருந்து மட்டும்தான் இறங்கும். பாத்திரத்துக்க அடியிலயும் சுத்தியும் தெர்மாகோல் வெச்சி மேல மட்டும் திறந்து விடுங்க, பாதி உறைஞ்சதும் எடுங்க. நான் முட்டத்து தண்ணில செஞ்சப்போ மேல ஐஸ் கட்டி, அடில இருந்த தண்ணி நாக்குல வெக்க முடியாத உப்பு.

கடத்தண்ணி சுமார் மைனஸ் 1.8 டிகிரில உறையும், அப்போ ஐஸ் உப்ப வெளிய தள்ளும், அதுல கொஞ்சம் கடும் உப்புத்தண்ணியா மயிரிழை மாதிரி குழாய்கள்ல உறையாம மாட்டிக்கும், அங்கதான் டயாட்டம்ங்கிற ஒத்தை செல் பாசி இருக்கு. கீழ இருந்து வாற நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட்டுதான் அதுக்கு சாப்பாடு, அதனால ஐஸுக்க அடி பழுப்பா இருக்கும், குளிர்காலத்துல கிரில்ங்கிற இறால் மாதிரி சின்ன உயிரிக்க குஞ்சுகளுக்கு அதுதான் கஞ்சி.

ஐஸ அப்படியே உருக விட்டா உப்பு திடீர்னு குறைஞ்சி பாசிக்க செல்லு ஊதி வெடிச்சிரும், நீங்க குழாத்தண்ணி வேற ஊத்தியிருக்கீங்க! வடிகட்டின கடத்தண்ணி நிறைய எடுத்து அதுல போட்டு மெதுவா உருக்குங்க. நம்ம சூட்டுக்கடல் பாசி உறைஞ்சதும் பெரும்பாலும் செத்துரும், ஆனா டயாட்டம் ஓடு கண்ணாடி மாதிரி சிலிக்கா, வடிவம் அப்படியே இருக்கும். பிள்ளைட்ட அத வரைய சொல்லுங்க.