இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது?

இந்த முறை வலைப்பூ (ப்ளாக்) தொடங்க நினைப்பவர்கள், நடத்துபவர்கள் ஆகியோரின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (ராயபுரம்): துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த நாட்களைப் பற்றி எழுத ஆசை. தெரிந்த பையன் ஒருவர் வலைப்பூ அமைத்துத் தர 18,000 ரூபாயும், பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாயும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. ப்ளாக்கர் 1999இல் தொடங்கிய வலைப்பூச் சேவை. 2003இல் கூகுள் வாங்கியது. இன்றும் இலவசம்தான். ஜிமெயில் கணக்கு இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முதல் பதிவை ஏற்றிவிடலாம். அவர் சொல்லும் சான்றிதழ் (தளத்துக்கும் வாசகருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாப்பது) அதிலேயே சேர்ந்து வருகிறது. நாளைக்குச் சொந்தமாக ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் இடம்) எடுத்தாலும், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற சேவை 2015 முதல் அந்தச் சான்றிதழைக் காசு வாங்காமல் கொடுத்துவருகிறது. சும்மா கிடைப்பதற்கு ஆண்டுதோறும் 3,500 கேட்பவரை நம்பி 18,000 கொடுக்காதீர்கள். முதலில் பத்துப் பதிவுகள் எழுதுங்கள். அதன் பிறகும் எழுத வந்தால் சொந்த இணைய முகவரி (டொமைன்) ஒன்று வாங்கி அதே ப்ளாக்கரோடு இணைத்துக்கொள்ளலாம். இணைப்பதற்குக் கூகுள் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.

கேள்வி (வியாசர்பாடி): கணினி இல்லை. தவணையில் மடிக்கணினி வாங்கினால்தான் வலைப்பூ நடத்த முடியுமா?

பதில்: கைபேசி போதும். தவணை வேண்டாம்.

கேள்வி (பெரம்பூர்): 99 ரூபாய் என்று விளம்பரம் பார்த்து முகவரி வாங்கினேன். இரண்டாம் ஆண்டு என்னைக் கேட்காமல் 1,349 ரூபாயும் ஜிஎஸ்டியும் எடுத்துவிட்டார்கள். இது மோசடி இல்லையா?

பதில்: நீங்கள் அனுப்பிய பில்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 99க்குக் கீழே ‘முதல் ஆண்டுக்கு மட்டும்’ என்று இருக்கிறது. அடுத்த வரியில் புதுப்பிக்கும் விலை, அதற்கடுத்து 18 சதவீத ஜிஎஸ்டி. தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் நீங்களே டிக் செய்திருக்கிறீர்கள். இதை மோசடி என்று எப்படிச் சொல்வது? வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 200 ரூபாய்ப் புடவையைக்கூட முந்தி வரை பிரித்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்! பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தி வரவேயில்லை என்றால் வங்கியிடம் புகார் செய்யுங்கள். வந்திருந்தும் படிக்காமல் விட்டிருந்தால் நான் உதவ முடியாது.

நானும் தள்ளுபடியை நம்பி ஏமாந்திருக்கிறேன். மூன்று ஆண்டு ஹோஸ்டிங்கை மொத்தமாக எடுத்தால் பாதிக்குப் பாதி என்றார்கள், 7,000 ரூபாய் கட்டினேன். ஆறாவது மாதமே பக்கம் திறக்க ஒரு நிமிடம் ஆனது. பணத்தைத் திருப்பிக் கேட்கும் காலமோ முதல் முப்பது நாளோடு முடிந்திருந்தது. அதனால் சொல்கிறேன், ஹோஸ்டிங்கை மாதக் கணக்கில் எடுத்துப் பழகிப் பாருங்கள். முகவரி வாங்கும்போது முதல் ஆண்டு விலையை விட்டுவிட்டு, புதுப்பிக்கும் விலையை ஒப்பிடுங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகி): அம்மாவின் மீன் குழம்பு, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு என்று நான்கு ஆண்டுகளாக எழுதுகிறேன். டாட் காம் முகவரியை எங்கள் தெருக் கணினி மையத்துக்காரர் என்னிடம் பணம் வாங்கிப் பதிவு செய்தார். இப்போது கடையை மூடிவிட்டார். 12,000 கொடுத்தால்தான் முகவரியைத் தருவாராம்.

பதில்: அநியாயம், அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் ஆறவில்லை. பல ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறேன்: முகவரி யாருடைய பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகிறதோ, அவரைத்தான் முகவரிகளை விற்றுப் பதிவு செய்யும் நிறுவனம் (பதிவு நிறுவனம்) உரிமையாளராகப் பார்க்கும். காசு யாருடையது, எழுத்து யாருடையது என்று அது கேட்பதில்லை. வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தைத் தரகர் பெயரில் எழுத விடுவோமா? இங்கே விடுகிறோம். ‘உங்களுக்கு எதற்குச் சிரமம், நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்பார்கள். அந்தச் சிரமத்தை நாமே பட வேண்டும். நம் மின்னஞ்சல், நம் கைபேசிக்கு வரும் ஓடிபி, நம் பெயரில் ரசீது. அமைத்துத் தருபவருக்குக் கூலி கொடுக்கலாம், சாவியைக் கொடுக்கக் கூடாது.

நீங்கள் முதலில் எழுத்தைக் காப்பாற்றுங்கள். நிர்வாகப் பக்கம் திறந்தால் எல்லாப் பதிவுகளையும் இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். திறக்காவிட்டால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் முகவரியைத் தேடுங்கள், பழைய பக்கங்கள் அங்கே கிடைக்கக்கூடும். அடுத்து, இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் மறைந்திருந்தாலும் பதிவு நிறுவனத்தின் பெயரும் முடிவு நாளும் தெரியும். முடிவு நாளைக் குறித்துவையுங்கள். அவர் புதுப்பிக்காமல் விட்டால் சில வாரங்களில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் இணைத்து, முகவரியை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி அவரிடம் எழுத்தில் கேளுங்கள். மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீட்டை, உரிமையாளர் கேட்ட ஐந்து நாளுக்குள் பதிவு நிறுவனம் கொடுத்தாக வேண்டும். ஆகவே அவர் மனம் வைத்தால் ஒரு வாரத்து வேலைதான். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்துவிட வேண்டும். அவர் கேட்கும் 12,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி (கொளத்தூர்): முகவரி மட்டும்தான் தேர்ந்தெடுத்தேன். பில்லில் மின்னஞ்சல், ‘பாதுகாப்பு’ என்று இரண்டு சேர்ந்திருந்தன.

பதில்: கேட்காமல் கூடையில் திணிப்பது தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பதின்மூன்று ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன, இதுவும் அதில் ஒன்று. அதைக் குறிப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): கூகுளில் முதல் பக்கத்தில் வரவைக்க 5,000 கேட்கிறார்கள்.

பதில்: அந்த உறுதியை யாராலும் கொடுக்க முடியாது. பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (எண்ணூர்): பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த நாற்பது பக்கங்களை வலைப்பூவில் ஏற்றினால் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது. 2,000 ரூபாய்க்கு எழுத்துருத் தொகுப்பு வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள். உங்கள் பக்கங்களை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் யுனிகோடு எழுத்துருக்களும் இலவசம். முதலில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறாமல் வந்திருக்கின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள். சரியாக இருந்தால் மீதி முப்பத்தொன்பதையும் மாற்றுங்கள்.